ஓடெலை விற்றது யார்?

தோற்பதிலும் ஒரு கைத்தேர்ச்சி உண்டு என்பதைப் பஃபலோ ஸ்டீமர்ஸ் கூடைப்பந்து அணி அந்தக் குளிர்காலத்தில் ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தது. கோடையிலேயே நன்றாக ஆடுகிறவர்களை எல்லாம் விற்றுத் தீர்த்தாயிற்று. அவர்களுக்குப் பதிலாகக் கிடைத்தது, இன்னும் பள்ளிக்கூடமே முடிக்காத பையன்களை எதிர்காலத்தில் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமை. "அணியை அடியிலிருந்து திரும்பக் கட்டுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று மேலாளர் ஜோன் வாசிக் டிவியில் சொன்னார். கடைசியில் முடிக்கிற அணிக்குத்தான் அடுத்த கோடையில் புதுப் பையன்களில் முதல் ஆளைப் பொறுக்கியெடுக்க அதிக வாய்ப்பு என்பது லீக் வைத்திருக்கும் சட்டம். ஆகவே ஒவ்வொரு தோல்வியும் உண்டியலில் போட்ட காசு. இதை வாய்விட்டுச் சொன்னால் அபராதம்; சொல்லாமல் செய்தால் அதற்குத் திட்டம் என்று பெயர். எங்கள் ஊர்க்காரர்கள் பனியில் கார் ஓட்டி வந்து, டிக்கெட் வாங்கி, இந்தத் திட்டத்தைப் பார்த்துவிட்டு, காரம் தடவிய கோழிச் சிறகைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வேறென்ன செய்வது, சொந்த ஊர் அணியாயிற்றே.

விற்காமல் மிச்சம் விட்டவர்களில் ஓடெல் பெட்டவே ஒருவன். அவனுக்கு முப்பத்துநாலு வயது. இந்த லீக்கில் அது கிழவன் கணக்கு. அணிப் பையன்கள் எல்லாரும் அவனைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோரு வருஷத்தில் ஏழு ஊர் பார்த்துவிட்டான். நன்றாக ஆடினான், விற்றார்கள். முழங்கால் போயிற்று, அப்போதும் விற்றார்கள். மகள் இமானி ஒன்பது வயதுக்குள் ஐந்து பள்ளிக்கூடம் மாறியிருந்தாள். புது வகுப்பில் யாரோடும் சேர மாட்டாள்; "எப்படியும் போகத்தானே போறோம்" என்பாள். பெற்றவனுக்கு அதைக் கேட்க எப்படி இருக்கும்!

சீசன் தொடங்கும்போது ஜோன் அவனைக் கூப்பிட்டு, "உங்கள யாரும் கேக்கவும் மாட்டாங்க, நான் குடுக்கவும் மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். அது மரியாதையா, அவமானமா என்று ஓடெலுக்குப் பிடிபடவில்லை. இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையை நம்பி ஊருக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க்கில் வீடு வாங்கினான். மனைவி ரெனீட்டா முதல் தடவையாகப் பெட்டிகள் அத்தனையையும் பிரித்து, காலி அட்டைகளைக் குப்பையில் போட்டாள். இமானிக்கு இந்த ஊரில் ஹேனா என்று ஒரு சிநேகிதி கிடைத்தாள். பள்ளிப் பாட்டுக் குழுவில் இடமும் கிடைத்தது. வசந்தத்தில் நடக்கப்போகும் கச்சேரியில் தனியாக இரண்டு வரி அவள் பாட வேண்டும். அந்தக் கச்சேரி வரைக்குமாவது இந்த ஊரில் இருந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் ஓடெலின் வேண்டுதல். கோப்பையும் வேண்டாம், புகழும் வேண்டாம் என்கிற நிலைக்கு அவன் எப்போதோ வந்துவிட்டான்.

ஆட்டக்காரர்களை விற்க, வாங்க லீக் வைத்த கெடு ஞாயிறு மதியம் மூன்று மணி. அதற்கு முந்தின சனிக்கிழமை மதியம் செயின்ட் லூயிஸ் அணியுடன் ஆட்டம்.

கெடு நெருங்கினால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் நடக்கும்போதே ஒருவன் விலைபோய்விட்டால், மேலிருந்து கோச்சுக்குத் தகவல் வரும். காலில் கையில் அடிபட்டு வியாபாரம் கெட்டுவிடக் கூடாதல்லவா? உடனே அவனை வெளியே எடுத்து பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அங்கே கூட்டாளிகள் ஒவ்வொருவராக எழுந்து வந்து கட்டிப்பிடித்து வழியனுப்புவார்கள். அதனால் அந்த வாரம் முழுக்க டிவிக்காரனின் கேமரா பந்தைவிட பெஞ்சைத்தான் அதிகம் பார்க்கும். ஒரு கட்டிப்பிடி தெரிந்தால் போதும், நாடு முழுக்கச் செய்தி பறந்துவிடும்.

அன்றைக்கென்று ஸ்டீமர்ஸ் கைதவறி நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாகத்தில் முன்னணி வேறு. ஓடெலின் கையிலிருந்து போன பந்தெல்லாம் கூடைக்குள் விழுந்தது. பாதி காலியாகக் கிடந்த அரங்கம் விழித்துக்கொண்டு கத்தத் தொடங்கிய நேரத்தில் கோச் மார்ட்டி க்ரோல் கையைக் காட்டி அவனை வெளியே கூப்பிட்டார். அவனுக்குப் பதிலாக உள்ளே போக எழுந்தவன் குவின்சி லாஃப்டன். பத்து நாள் ஒப்பந்தத்தில் வந்தவன். பத்து நாள் ஆனதும் பிடித்திருந்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். அந்தக் குவின்சி கோட்டோரத்தில் ஓடெலைப் பார்த்ததும் பாய்ந்து வந்து எலும்பு நொறுங்குகிற மாதிரிக் கட்டிப்பிடித்தான். பிறகு துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான்.

பெஞ்சில் இருந்த டெவான் இதைப் பார்த்தான். இரண்டாம் வருஷப் பையன், இளகிய மனசு. மெல்ல எழுந்து வந்து ஓடெலின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவ்வளவுதான், பெஞ்சே எழுந்துவிட்டது.

"டேய், என்னடா ஆச்சு உங்களுக்கு?" என்றான் ஓடெல்.

"போய்ட்டு வா சித்தப்பா. உன்ன மறக்கவே மாட்டேன்." டெவானின் மூக்கு ஒழுகியது.

"எங்கடா போறேன்?"

"ஐயையோ, ஊர் பேரக்கூட உங்கிட்ட சொல்லலையா? பாவிங்க!"

அதற்குள் அரங்கம் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கியது. பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "முழங்காலப் பாத்துக்கடா ஓடெல்! போற எடத்துலயாவது ஜெயி!" என்று கத்தினார்.

ஓடெல் டிவிக்காரனின் கேமராவைப் பார்த்தான். பனி கொட்டித் தெற்குப் பக்கச் சாலையை மூடிவிட்டதால் ரெனீட்டாவும் இமானியும் அன்று அரங்கத்துக்கு வரவில்லை. வீட்டில் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள். போன் செய்யலாமென்றால் அது உடை மாற்றும் அறையில் கிடக்கிறது. சரி, எந்த ஊராக இருக்கும்? ஏன் இப்போது? தன்னைப் போய் யார் கேட்டிருப்பார்கள்? பயத்துக்கு நடுவிலும் இந்தக் கேள்விகள் அவனை அரித்தன. பொறுக்க முடியாமல் கோச்சின் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"கோச், என்ன எந்த ஊருக்கு அனுப்புறாங்க?"

மார்ட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கென்னப்பா தெரியும்? மேலேர்ந்து எனக்கு ஒரு வார்த்த வரல. பீர் குடிச்சுக்கிட்டு டிவி பாக்குறவனுக்குத் தெரியுற விஷயம் கோச்சுக்குத் தெரியாது. எல்லாம் என் தலையெழுத்து!"

"மேலேர்ந்து வார்த்த வரலையா? அப்ப என்ன ஏன் வெளிய எடுத்தீங்க?"

மார்ட்டி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "உன்ன விட்டா நீ பாட்டுக்கு ஜெயிச்சுக் குடுத்துருவியேப்பா!" என்றார்.

ஓடெல் வாயைப் பிளந்தபடி அவரைப் பார்த்தான். அப்படியானால் கோச்சும் கட்டிப்பிடித்ததைப் பார்த்துத்தான் நம்பியிருக்கிறார். அப்போதுதான் அவனுக்கு ஆர்வம் தலைக்கேறியது. இதைக் கிளப்பிவிட்டது யார்? பெஞ்சின் ஒரு கோடியிலிருந்து விசாரிக்கத் தொடங்கினான்.

"நீ எதுக்குடா என்னக் கட்டிப்பிடிச்ச?"

"டெவான் அழுதான், சித்தப்பா. அவனுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"நீ?"

"எல்லாரும் எந்திரிச்சாங்க. நான் மட்டும் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"டெவான், நீ?"

"குவின்சி கட்டிப்பிடிச்சான்ல? அவன் கோச் பக்கத்துலயே உக்காந்திருந்தான். அவன் காதுல விழுந்திருக்கும்னு…"

அடுத்த இடைவேளைக்குக் குவின்சி வியர்வை சொட்ட வந்து சேர்ந்ததும் ஓடெல் அவன் பனியனைப் பிடித்து இழுத்தான்.

"உண்மையச் சொல்லு. என்ன வித்துட்டாங்கன்னு உனக்கு யார் சொன்னது?"

"உன்ன வித்துட்டாங்களா? எப்போ?" குவின்சி நிஜமாகவே பதறினான்.

"அப்பறம் எதுக்குடா கட்டிப்பிடிச்ச?"

குவின்சிக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நாளையோட என் பத்து நாள் முடியுது சித்தப்பா. இதுவரைக்கும் ஒரு நிமிஷம்கூட எறக்கி விடல. இன்னிக்குக் கோச் 'போ, கடசி வரைக்கும் நீதான் ஆடுற'ன்னாரு. சந்தோஷத்துல யாரையாவது கட்டிப்பிடிக்கணும்போல இருந்துச்சு. நீதான் எதுத்தாப்புல வந்த."

ஓடெல் சிரித்த சிரிப்பில் தண்ணீர்ப் புட்டி கையிலிருந்து விழுந்தது. பெஞ்சே சிரித்தது. "அப்ப நான் அழுதது வேஸ்ட்டா?" என்று டெவானுக்கு மட்டும் கோபம். கோச்சுக்கு அதைவிடப் பெரிய கோபம் காத்திருந்தது. தோற்க வைப்பான் என்று நம்பி அனுப்பிய குவின்சி வேகத்தோடு ஆடி, கடைசி நொடிகளில் தூரத்திலிருந்து எறிந்து ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்துவிட்டான். மார்ட்டி தலையில் கைவைத்துக்கொண்டு கைதட்டுகிற கூட்டத்தைப் பார்த்தார்.

உடை மாற்றும் அறைக்குப் போன கையோடு ஓடெல் போனை எடுத்தான். முதல் மணியிலேயே ரெனீட்டா எடுத்தாள்.

"ஊர் பேர மட்டும் சொல்லு. வேற எதுவும் இப்ப சொல்லாத" என்றாள்.

"ஊரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. யாரும் என்ன விக்கல, ரெனீட்டா!" என்று தொடங்கி நடந்தது முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னான்.

மறுமுனையில் விசும்புகிற சத்தம் கேட்டது. "நாசமாப் போறவனுங்க" என்றாள். "அவனுங்க கட்டிப்பிடிச்சதுல இங்க வீடே செத்த வீடாயிடுச்சு. இமானி பாத்ரூம்ல போய்க் கதவச் சாத்திக்கிட்டா. 'என்னோட ரெண்டு வரிய வேற யாரும்மா பாடுவாங்க'ன்னு கேட்டுட்டுப் போனவ இன்னும் வெளிய வரல."

"போ, போ. முதல்ல அவகிட்ட சொல்லு. இன்னிக்கு அவ கேக்குறத வாங்கிட்டு வரேன்னு சொல்லு."

போனை வைத்தபோது அவனுக்கு உடம்பே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. குளித்து, உடை மாற்றி, நடைபாதைக்கு வந்தான். அங்கே மேலாளர் ஜோன் வாசிக் சுவரில் சாய்ந்து நின்றார். கையில் இருந்த போனை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஓடெல், எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். அந்தக் கட்டிப்பிடிய ஆரம்பிச்சு வச்சது யாரு?"

ஓடெல் சிரித்துச் சிரித்து மறுபடியும் முழுக் கதையையும் சொன்னான். ஜோன் சிரிக்கவில்லை.

"அவங்க கட்டிப்பிடிச்சப்ப உங்கள நான் விக்கல" என்றார். "சீசன் ஆரம்பிச்சதுலேர்ந்து அதுவரைக்கும் உங்களப் பத்தி ஒரு போன் வந்ததில்ல. நெஜமாத்தான் சொல்றேன், மனசுல வச்சுக்காதீங்க. நீங்க பெஞ்சுல உக்காந்ததும் சான் டியேகோ அணி மேலாளர் கூப்பிட்டாரு. 'ஓடெலக் குடுக்குறீங்கன்னு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையே, யாருக்குக் குடுத்தீங்க'ன்னு ஒரே சண்ட. யாருக்கும் குடுக்கலன்னேன். நம்பல. நான் வெல ஏத்துறேன்னு நெனச்சு அவரே ஏத்துனாரு. மறுபடியும் இல்லன்னேன். மறுபடியும் ஏத்துனாரு."

"எதுவரைக்கும் ஏத்துனாரு?" ஓடெலுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"புதுப் பையன்களப் பொறுக்குறப்ப முதல் சுத்துல ஒருத்தன எடுத்துக்குற உரிம. கூடவே ரெண்டாவது சுத்துல ரெண்டு."

ஓடெல் சீட்டியடித்தான். "எனக்கா? இந்த முழங்காலுக்கா?" ஏழு ஊரில் எவரும் அவனுக்கு இவ்வளவு விலை சொன்னதில்லை. ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது என்பதுதான் நிஜம். அப்புறம்தான் ஜோனின் முகத்தைச் சரியாகப் பார்த்தான்.

"ஜோன். நீங்க இல்லன்னுதான சொன்னீங்க?"

"ரெண்டு தடவ சொன்னேன்."

"மூணாவது தடவ?"

ஜோன் தரையைப் பார்த்தார். "நாங்க அணியத் திரும்பக் கட்டுறோம், ஓடெல். முதல் சுத்து உரிமைய வேணாம்னா ஊரே என்னைச் செருப்பால அடிக்கும். பத்து நிமிஷத்துக்கு முன்னாடி லீக்குக்கு எழுதி அனுப்பியாச்சு. காலைல ஃப்ளைட்."

"எவனோ ஒருத்தன் சந்தோஷத்துல என்னக் கட்டிப்பிடிச்சான். அதுக்கு எங்குடும்பத்தப் பேத்து எடுத்து வீசிட்டீங்களா?" ஓடெலின் குரல் நடைபாதை முழுக்க எதிரொலித்தது. "குடுக்க மாட்டேன்னு சொன்னீங்களே! அத நம்பித்தான வீடு வாங்குனேன்? எம் பொண்ணுகிட்ட நான் என்ன சொல்ல?"

"யாரும் கேக்க மாட்டாங்கன்னுதான் நானும் நெனச்சேன்" என்றார் ஜோன். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதை வைத்து என்ன செய்வது?

அவன் கையில் போன் அதிர்ந்தது. ரெனீட்டாவின் பெயர். காதில் வைத்தான்.

"அப்பா!" என்று இமானி அலறினாள். பின்னால் ரெனீட்டா உரக்கச் சிரிப்பது கேட்டது. பாத்திரத்தில் எதையோ வறுக்கிற சத்தமும் கேட்டது. "நாம எங்கயும் போகலியாமே! நான் ஹேனாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்ப்பா. டீச்சருக்கும் சொல்லச் சொல்லிட்டேன். எனக்கு எதுவும் வாங்கிட்டு வர வேணாம், நீ சீக்கிரம் வந்தாப் போதும். அந்த மாமா உன்னக் கட்டிப்பிடிச்சது சும்மாத்தானாமே? அம்மா சிரிச்சுக்கிட்டே இருக்கா. அப்பா? நீ ஏன்ப்பா சிரிக்கல?"

ஜோன் மெல்ல விலகி நடைபாதையின் கோடிக்குப் போய்விட்டார்.

"வீட்டுக்கு வந்து சொல்றேன்டா கண்ணு" என்றான் ஓடெல்.