மறுபடி உறைய வைக்கக் கூடாது

“காலையில வந்து பாக்குறேன் சாயோ, உறைபெட்டிக்குள்ள நாலு டிகிரி காட்டுது,” என்றார் மிசுனோ அக்கா.

சாயோ கைப்பேசியைக் காதோடு அழுத்தியபடி நடைபாதைக்கு வந்தாள். அப்பாவைத் தகனக்கூடத்தின் உலைக்குள் அனுப்பி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. உறவினர்கள் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாமேவா?”

“பதினோரு பேரோடதும். உங்கப்பாவோடதும் சேத்துத்தான். எல்லாம் இளகிப்போச்சு. அந்த எந்திரம் சத்தம்கூடப் போடல. வெள்ளிக்கிழமை கடைசியா கதவ மூடினது நான்தானே, சரியா அழுத்தலியோ என்னவோ. இன்னிக்குப் போயி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இத உங்கிட்ட சொல்றதுன்னே தெரியல.”

“அப்புறம் பேசலாம், அக்கா.” வைத்துவிட்டாள்.

இருவருக்கும் எலும்பு வங்கியில் வேலை. பிறருக்குப் பொருத்துவதற்காக இறந்தவர்கள் கொடுத்துப்போன எலும்பு மைனஸ் எண்பதில் ஐந்து ஆண்டு இருக்கும். மைனஸ் இருபதில் ஆறு மாதத்துக்கு மேல் நம்ப முடியாது. ஒருமுறை இளகினால் மறுபடி உறைய வைக்கக் கூடாது. புதிதாகச் சேருபவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பவளே சாயோதான்.

அப்பா இறந்தது வியாழக்கிழமை. அவர் எழுதிக்கொடுத்திருந்தபடி இரண்டு தொடையெலும்புகளையும் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் மரக்கட்டை வைத்துத் தைத்தார்கள். நேற்று ஞாயிறு. மதியம் மூன்றரை மணிக்கு, வங்கியில் யாரும் இல்லாதபோது அவள் போனாள். பெட்டியைத் திறந்து அப்பாவின் பொட்டலத்தைக் கைகூப்பிக் கும்பிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு நிமிடத்துக்கு மேல் கதவு திறந்திருந்தால் எந்திரம் கத்தும். அப்பாவின் முன் அது கத்த வேண்டாமென்று ஒலியை நிறுத்தினாள். கும்பிட்டாள். சாத்தினாள். தாழ்ப்பாளைத் திருகினாளா? நினைவில்லை. ஒலியை மறுபடி போடவில்லை, பதிவேட்டில் எழுதவில்லை. இவை இரண்டும் நிச்சயம்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். எரிந்து மிஞ்சிய எலும்புகளோடு உலையிலிருந்து தட்டு வெளியே வந்திருந்தது.

“பாதத்துலேர்ந்து ஆரம்பிக்கலாங்க,” என்றார் ஊழியர்.

முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே வெறும் சாம்பல்தான் இருந்தது.

“அண்ணன் பாதிய இங்கயே விட்டுட்டுல்ல போறாரு!” என்றார் சித்தப்பா.

“முப்பத்தஞ்சு வருஷம் தபால் குடுத்த காலு,” என்றாள் அம்மா. “யாருக்கு வெச்சாலும் அந்த ஆளு வீடு தங்க மாட்டான், பாத்துக்கோங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நான்கு நாளில் அம்மா சிரித்தது அப்போதுதான்.

ஓர் எலும்பை இரண்டு பேர் சேர்ந்து குச்சிகளால் தூக்கிக் கலயத்தில் இட வேண்டும். அம்மாவுக்கு ஜோடி சாயோ. குச்சியை வாங்கினாள். அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டாள்.

“அம்மா, கொஞ்சம் வெளிய வாயேன்.”

நடைபாதையில் வைத்துச் சொன்னாள். நாள், நேரம், டிகிரி எல்லாம் சேர்த்து, அறிக்கை படிப்பதுபோல. “இனிமே அத யாருக்கும் வைக்க முடியாது. மத்த பத்து பேரோடதும் போச்சு. என்னாலதான்.”

அம்மா கைக்குட்டையை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

“அந்தப் பத்து பேரு வீட்டுலயும் என்ன மாதிரியேதான் பேசிட்டிருப்பாங்க,” என்றாள்.

கைக்குட்டையைப் பைக்குள் வைத்தாள்.

“மிசுனோவுக்குத் தெரியுமா?”

“தன்னாலதான்னு நெனச்சிட்டிருக்காங்க.”

“நீ ஒண்ணும் சொல்லல?”

“சொல்லல.”

அம்மா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. “போன் போடு. பேசிட்டு வா.”

உள்ளே போய்விட்டாள். சாயோ எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே மிசுனோ அக்கா எடுத்தார்.

“அக்கா, கதவத் திறந்தது நான்தான்.”

திறந்திருந்த வாசல் வழியே அம்மா தெரிந்தாள். ஒரு கணுக்கால் எலும்பின் ஓரத்தில் தன் குச்சிகளை வைத்திருந்தாள். சித்தப்பா உதவிக்குக் குச்சியை நீட்டினார். அம்மா வேண்டாமென்று தலையசைத்தாள். எலும்பைத் தூக்காமல், தட்டின் மேல் குனிந்தபடியே நின்றாள்.