கருணாகரர் கொடுத்த புளியோதரை

என் கதை பாடப்புத்தகத்தில் வரவேண்டும் என்று இருபது வருஷம் ஆசைப்பட்டேன். வந்தது. அந்தக் கொடுமையைத்தான் சொல்லப்போகிறேன்.

மைசூரில் ஒரு தனியார் கல்லூரியில் நான் தமிழ் விரிவுரையாளர். பெயர் கணபதிராமன். 1994இல் எனக்கு வாய்த்த மாணவர்கள் மொத்தம் ஒன்பது பேர். அதில் பாதிப் பேர் நான் சொல்லும் தமிழ்க் குறிப்பைக் கன்னட எழுத்தில் எழுதிக்கொள்வார்கள். இந்தப் படைக்குத்தான் சிறுகதையில் ஆசிரியரின் நடையைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் பார், எதைச் சொல்லாமல் விடுகிறார் பார் என்று தொண்டை வறளக் கத்தினேன். சுவருக்காவது கொஞ்சம் புரிந்திருக்கும்.

அந்த வருஷம் பாடத்திட்டக் குழு புதிய பாடநூலுக்கு மூன்று கதைகளைப் பரிசீலித்தது. ஒன்றுக்குத்தான் இடம். மூன்றில் ஒன்று என்னுடையது. விரிவுரையாளர்கள் சொந்தச் சரக்கைத் தள்ளிவிடக் கூடாது என்று விதி இருந்ததால், நித்யசீலன் என்ற பெயரில் அனுப்பியிருந்தேன். இது என் மனைவிக்குக்கூடத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் எங்கள் விஜயநகர்ப் பேட்டை முழுக்கத் தெரிந்துவிடும்.

கதையின் பெயர் 'கருணை'. வீடு கட்டும் கருணாகரர் என்ற பெரியவர், கூரைக்குக் கான்கிரீட் போடும் நாளில் கூலியாட்களின் பசியைப் பார்த்து மனம் உருகுகிறார். வீட்டிலிருந்து புளியோதரை வரவழைத்து ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுக்கிறார். அவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். அவர் கண்கள் பனிக்கின்றன. உண்மையில் நடந்ததுதான். கருணாகரர் வேறு யாருமில்லை, நான்தான். எழுதும்போது இரண்டு இடத்தில் எனக்கே அழுகை வந்தது.

குழுத் தலைவி ராஜலக்ஷ்மி அம்மாள் ஒரு நாள் என் வகுப்புக்கே வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மூன்று கதைகளின் நகலையும் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர்களுக்கு எந்தக் கதையின் நடை பிடிபடுகிறதோ அதுதான் சேரும் என்றார். முதல் இரண்டு கதைகளுக்கும் பிள்ளைகள் மோட்டுவளையைப் பார்த்தார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மூன்றாவதாக வந்த என் கதைக்குத் தாரணி எழுந்தாள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம் கௌதள்ளிக்காரி. அப்பா, அம்மா இருவரும் மைசூரில் கட்டட வேலை செய்தார்கள்.

உருக்கமான நடை என்று மட்டும் சொல்லிவிடு தாயே என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

"இந்த ஆசிரியரு பயங்கரக் குசும்புக்காரருங்க சார்," என்றாள்.

"குசும்பா? எங்கேம்மா இருக்கு குசும்பு?"

"கதை பூராவுமேதானுங்க. கான்கிரீட் போடுற அன்னிக்கு வீட்டுக்காரங்கதான் ஆளுங்களுக்குச் சாப்பாடு போடோணும். அது வழக்கமுங்க. எங்கப்பா அன்னிக்குக் கறிச்சோறு வரும்னு காலைல டீயோட நிறுத்திக்குவாரு. இந்தாளு ஒரு பொட்டலம் புளிச்சோத்தைக் குடுத்துப்போட்டு, என்னமோ தருமம் பண்ணுன மாதிரி அழுகறாருங்க!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

வழக்கமா? எவனும் எனக்குச் சொல்லவில்லையே! அன்றைக்கு மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு இரண்டு முறை என் எதிரில் வந்து நின்றது இப்போதுதான் உறைத்தது. வெயிலுக்கு ஒதுங்குகிறான் என்று நினைத்திருந்தேன்.

"ஆனா, அவங்க நன்றியில வாயடைச்சு நின்னாங்களேம்மா," என்றேன்.

"நன்றின்னு எங்கீங்க சார் எழுதியிருக்கு? வாயடைச்சு நின்னாங்கன்னு மட்டும்தான் இருக்குது. சொல்லாம விட்டதைப் பாருன்னு நீங்கதானே சொன்னீங்க? மனசுக்குள்ள என்னென்ன திட்டியிருப்பாங்கன்னு நம்மகிட்டயே விட்டுட்டாரு. அப்புறம் பாருங்க, 'கருணை'ங்கற வார்த்தை பதினாலு தடவை வருது. நெசமாவே நல்லவரைப் பத்தி எழுதுனா இத்தனை தடவை சொல்லோணுமா?"

ராஜலக்ஷ்மி அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். "அடேயப்பா! அழுமூஞ்சிக் கதைன்னு நான் ஒதுக்கி வெச்சிருந்தேன். எவ்வளவு நுட்பமான எள்ளல்! கணபதிராமன், பிள்ளைகளை நல்லா தயார் பண்ணியிருக்கீங்க. இந்தக் கதைதான் சேருது."

அது எள்ளல் இல்லை மேடம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதை குப்பைக்குப் போய்விடும். இருபது வருஷத்து ஆசையும் கூடவே போகும். "எல்லாம் உங்க ஆசீர்வாதம் மேடம்," என்று பல்லைக் காட்டினேன்.

அடுத்த ஜூலையில் பாடநூல் வந்தது. அன்றிலிருந்து நானே என்னை நாறடித்துக்கொண்டிருக்கிறேன். 'கருணாகரரின் அற்பத்தனத்தை ஆசிரியர் நயமாக நகையாடுகிறார்' என்று நிறுத்தி நிறுத்திக் குறிப்பு சொல்கிறேன். பத்து மதிப்பெண் கேள்வி அது. எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஏழுக்கு மேல் போட எனக்குக் கை வருவதில்லை.

ஒரு நாள் ஆசிரியர் அறைக்குத் தாரணி வந்தாள். அப்போது இரண்டாம் வருஷம்.

"சார், நித்யசீலன் எந்த ஊருங்க? அம்மாவுக்கு அந்தக் கதையைப் படிச்சுக் காட்டுனேன். அழுதுட்டாங்க. நம்ம வயித்தெரிச்சலைப் புரிஞ்சுக்க ஒரு மனுசன் இருக்கான் பாரு கண்ணுன்னாங்க. ஒருக்கா நேர்ல பாத்துக் கும்பிடோணுமாமுங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், ஒரு சின்னப் பெண் முன்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. ஆனால் அந்த அவமானத்துக்கு நடுவிலும் பாழாய்ப்போன ஆசை எட்டிப்பார்த்தது. ஒரே ஒரு கும்பிடு. எழுதினவன் நான்தானே, வாங்கிக்கொண்டால் என்ன?

"யாருகிட்டயும் சொல்லாதே. அது நான்தாம்மா," என்றேன்.

தாரணி ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வெளையாடாதீங்க சார். அவரு எங்க வழக்கமெல்லாம் தெரிஞ்ச மனுசன். நான் வகுப்புல சொன்னப்ப நீங்க எப்படி முழிச்சீங்கன்னு நான்தான் பாத்தேனே!"

நான் மேஜை மேலிருந்த விடைத்தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"விலாசம் கெடைச்சா சொல்லுங்க சார், அம்மா கேட்டுட்டே இருக்காங்க," என்றாள்.

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.