பதினெட்டாயிரம் வீரர்கள்

கார் ஓட்டக் கற்றுத் தருபவர் அத்தான். பாடம் நடத்தாத நேரம் அவருக்குத் தூங்கும் நேரம் மட்டுமே. அன்று இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் பிடித்தபடி, புது ஷூவோடு கூடத்தில் நடைபோட்டார்.

"வெள்ளை அணு பதினெட்டாயிரம்! பதினோராயிரமே போதுமாம். கிருமியை அடிச்சு விரட்டுற படை இது. உனக்கு எவ்வளவு மச்சினி?" என்று விருந்துக்கு வந்திருந்த மனைவியின் தங்கையைக் கேட்டார்.

"போன மாசம் பார்த்தப்ப நாலாயிரத்து எண்ணூறு அத்தான். சரியா இருக்குன்னு டாக்டர் சொன்னார்."

"அட பாவமே! உன் கோட்டைக்கு ஒரே காவல்காரன், அவனும் குறட்டை விடுறான் போல."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். தாளின் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. சித்தப்பா 'சிங்கம்டா நீ' என்றார். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'அதிகம்' என்று தடித்த எழுத்தில் இருந்ததைப் பரிசாக எடுத்துக்கொண்ட கூட்டம் அது. டாக்டரிடம் காட்டச் சொல்ல ஒரு வாய் இல்லை.

தங்கைக்கு ஒரு பழக்கம். வாசலில் தாறுமாறாகக் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வைப்பாள். சாயங்காலம் அத்தானின் ஷூவை எடுத்தவளுக்கு மூக்கைத் துளைத்தது நாற்றம். உள்ளே ஈரம்.

"அத்தான், கால்ல புண் இருக்கா?"

"எனக்கா? வலியே இல்லையே! சர்க்கரை வந்ததிலேர்ந்து ஆணி குத்தினாக்கூட எனக்குத் தெரியாது. உடம்பு அவ்வளவு இரும்பு!"

மரத்துப்போனதையும் பெருமையில் சேர்த்துக்கொண்டார் மனிதர். ஆண்டவன் வலியைக் கொடுப்பதும் ஒரு தயவுதான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"நம்ம தெருவுல திடீர்னு போலீஸ் குவிஞ்சா, தெருவுக்குப் பலம் கூடிடுச்சுன்னா சொல்வீங்க? யார் வீட்டுல திருட்டுன்னு கேட்க மாட்டீங்க?"

"வாயைப் பாரு இவளுக்கு!"

ஆனால் அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

தங்கை ஒரு வாளித் தண்ணீரோடு அவர் காலடியில் உட்கார்ந்தாள். குதிகாலோடு ஒட்டிப்போயிருந்த சாக்ஸை நனைத்து நனைத்து மெல்லக் கழற்றினாள். அடியில் சீழ், நடுவில் கறுப்பு.

அப்போதே மருத்துவமனைக்குப் போனார்கள். "கிருமி உள்ள புகுந்து ஆட்டம் போட்டிருக்கு. அதான் எண்ணிக்கை ஏறியிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா காலே போயிருக்கும்" என்றார் டாக்டர். மருந்து ஏற ஏற எண்ணிக்கை இறங்கியது.

ஒன்பதாயிரத்துக்கு வந்த அன்று குழுவில் அத்தானின் அறிவிப்பு: 'என் படை ஜெயிச்சுடுச்சு!' சித்தப்பா மறுபடியும் சிங்கம் என்றார். வாளித் தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை. படித்துவிட்டுத் தங்கை போனைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கடைக்குப் போகிற வேலை இருந்தது.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது கட்டிலடியில் மெத்தென்ற புதுச் செருப்பு, ஜோடி சேர்ந்து காத்திருந்தது. கட்டுப்போட்ட காலை அத்தான் நுழைத்துப் பார்த்தார்.

"என்ன மச்சினி, இவ்வளவு தொளதொளன்னு இருக்கு?"

"இருக்கட்டும் அத்தான். படை நிக்க இடம் வேணாமா?"