உண்மை விரும்பி போட்ட ஒற்றை நட்சத்திரம்

காலை ஒன்பதரைக்குக் கடை ஷட்டரைத் தூக்கியதும் ஜெயசீலன் செய்கிற முதல் வேலை, இயேசு படத்துக்கு மேலே இருக்கும் குட்டி பல்பைப் போடுவது. இரண்டாவது வேலை, கம்ப்யூட்டரைத் திறந்து எழிலரசியின் புத்தகம் நேற்று எத்தனை பேர் கைக்குப் போயிருக்கிறது என்று பார்ப்பது. மூன்றாவது வேலை, வயிறெரிவது. இந்த மூன்றையும் முடித்த பிறகுதான் மனிதர் டீயே குடிப்பார்.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் பிரியாணிக் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் இருந்தது அவருடைய கடை. ஒரு காலத்தில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்துக் கொடுத்தவர், இப்போது மின்னூல் போட்டுத் தருகிறார். கையெழுத்து நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். தட்டச்சு செய்து, பிழை பார்த்து, அட்டைப்படம் செய்து, இணையக் கடையில் ஏற்றி விற்பனைக்கு வைத்துவிடுவார். சமையல் குறிப்பு எழுதிய வாணியம்பாடி சுகரா பேகம், சோளிங்கர் மலைப்படி பற்றி எழுதிய பஸ் கண்டக்டர் என்று முப்பது பேருக்கு மேல் அவரால் எழுத்தாளர் ஆகியிருந்தார்கள். பலருக்கு ஈமெயில் கூடக் கிடையாது. அதனால் எல்லாருடைய கணக்கையும் அவரே தொடங்கி, பாஸ்வேர்டையும் அவரே வைத்துக்கொண்டிருந்தார். வாசகர் கடிதம் வந்தால் அதுவும் அவருக்குத்தான் முதலில் வரும். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. நம்ம ஜெயசீலன் சார்தானே!

இந்த ஜெயசீலன் சாரும் ஒரு நாவல் எழுதியிருந்தார். பெயர் ‘வெயிலின் வாக்குமூலம்’. பதினோரு வருட உழைப்பு. ஏற்றி இரண்டு வருடமாகியும் ஏழு பிரதிதான் போயிருந்தது. அந்த ஏழில் ஐந்து பேர் சொந்தக்காரர்கள், ஆறாவது அவரே. ஏழாவது ஆள் யாரென்று அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

எழிலரசி ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பெண். வயது முப்பத்து நான்கு. மதிய சாப்பாட்டு நேரத்தில் மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, இருநூறு பக்க நோட்டில் எழுதிய பத்துக் கதைகளைப் போன சித்திரையில் கொண்டுவந்து வைத்தாள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் சண்டை, டார்கெட் முடிக்காமல் அழும் புதுப்பெண், இப்படி. தன் மெஷின் வரிசையின் பெயரையே, ‘மூன்றாம் லைன்’ என்று, தலைப்பாக வைத்திருந்தாள். ஜெயசீலன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேதான் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். ஐந்தாவது கதையில் சிரிப்பு நின்றுவிட்டது. பத்தாவது கதையை முடித்ததும் முதல் பக்கத்துக்குப் போய் மறுபடி படித்தார். பதினோரு வருடம் முட்டி மோதியும் தனக்குப் பிடிபடாதது இவளுக்குச் சாப்பாட்டு நேரத்தில் பிடிபட்டிருக்கிறதே! அன்றைக்குப் பற்றிய நெருப்புதான் ஐயா, அணையவே இல்லை.

அந்தப் பத்தாவது கதையில் ஒரு தாய், கம்பெனியில் மிஞ்சிய தோல் துண்டுகளை டிபன் பாக்ஸில் ஒளித்து வெளியே கொண்டுவருவாள். ஒரு கால் பழுப்பு, ஒரு கால் கறுப்பு என்று தன் குழந்தைக்கு ஷூ தைத்துப் போடுவாள். புத்தகத்தை ஏற்றுவதற்கு முந்தின நாள் எழிலரசி ஓடிவந்து, “சார், அந்தக் கடசிக் கதைய மட்டும் எடுத்துருங்க. கம்ப்யூட்டர்லயும் வாணாம்,” என்றாள். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எடுத்துவிட்டு ஒன்பது கதைகளோடு ஏற்றினார். புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. இரண்டே மாதத்தில் ஆயிரம் பேருக்கு மேல் வாங்கிவிட்டார்கள்.

கடையில் எரிந்தது போதாதென்று வீட்டிலும் எரிந்தது. ஒரு நாள் சாயங்காலம் மனைவி ஹெலன் போனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் தோசை கருகியது.

“இன்னா சிரிப்பு?” என்றார் ஜெயசீலன்.

“உங்க எழிலரசி எழுதனதுதாங்க! பஸ்ஸு கெளம்பறதுக்குள்ள கர்ச்சீப்பப் போட்டு சீட் புடிக்குதே ஒரு அம்மா, அப்படியே எங்க சர்ச் வள்ளியம்மா! எங்க பெண்கள் சங்கத்துல எல்லாரும் படிச்சிட்டாங்க.”

“என் நாவல் எந்தப் பக்கத்துல நிக்குது?”

ஹெலன் தோசைக் கரண்டியைத் தேடினாள். “பதினெட்டுங்க. வீட்டு வேல ஜாஸ்தியா இருக்குது.”

போன வருடமும் அதே பதினெட்டுதான். கட்டின மனைவியே பதினெட்டில் நின்றால் ஊரார் எங்கே நிற்பார்கள்?

அதற்கப்புறம் மனிதர் இரண்டு காரியம் செய்தார். எழிலரசிக்கு வந்த வாசகர் கடிதங்களைப் படித்துப் படித்து மருகியவர், அவற்றைத் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டு மூடினார். அவள் போனில் கேட்டபோதெல்லாம், “ஒண்ணும் பெருசா வரலம்மா,” என்று சொன்னார். இது முதல் காரியம். இரண்டாவது, ‘உண்மை விரும்பி’ என்று ஒரு பொய்ப் பெயரில் கணக்குத் தொடங்கினார். ஒரு மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து அவள் புத்தகத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார். கீழே எழுதினார்:

“கம்பெனித் தோலை டிபன் பாக்ஸில் ஒளித்து, கேட்டில் செக்யூரிட்டி கண்ணில் மண்ணைத் தூவி, பிள்ளைக்கு ஒரு கால் பழுப்பும் ஒரு கால் கறுப்புமாக ஷூ தைக்கிறாள் ஒருத்தி. திருடியைத் தியாகி ஆக்குவதுதான் இலக்கியமா? கூட வேலை செய்கிறவளின் ரகசியத்தை விற்றுப் பெயர் வாங்கும் புத்தகம்.”

எழுதி முடித்தபோது நெஞ்சு குளிர்ந்தது. அந்த வாரம் டீகூட இனித்தது. அந்தக் கதை புத்தகத்திலேயே இல்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? ஏற்றிய பிறகு அந்தப் புத்தகத்தை அவர் திறந்தே பார்க்கவில்லை. அவர் மண்டைக்குள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பத்தாவது கதை ஒன்றுதான். பொறாமைக்காரனுக்கு நல்லது எதுவோ அதுதானே மறக்காது!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தார். எழிலரசி வந்தாள். கூடவே இளைத்த உடம்போடு ஒரு பெண், இடுப்பில் குழந்தை. அந்தப் பெண் குழந்தையைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

“சார், என் புக்க எடுத்துருங்க. இப்பவே,” என்றாள் எழிலரசி.

ஜெயசீலனுக்கு உள்ளே தேன் பாய்ந்தது. வெளியே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். “இன்னாம்மா ஆச்சி? நல்லாத்தானே போய்க்கினு இருக்குது?”

“நல்லாப் போனது போதும் சார். அடுத்த நோட்டும் பாதி எழுதியிருந்தேன். அதயும் கிழிச்சிப் போட்டுடப் போறேன். எழுதனதால ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வருது.”

“எந்தக் குடும்பம்?”

எழிலரசி பெஞ்சுப் பக்கம் கையைக் காட்டினாள். குழந்தை காலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஜெயசீலன் பார்த்தார். ஒரு கால் பழுப்பு. ஒரு கால் கறுப்பு.

தன் விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டிய ஷூ அது. கதையில் இருக்கிற ஷூ என்று நினைத்தது, இதோ வாரில் ஒரு தையல் பிரிந்து, மண் ஒட்டி, கண் முன்னால் ஆடிக்கொண்டிருக்கிறது.

“இது மீனாம்பாள். என் பக்கத்து மெஷினு,” என்றாள் எழிலரசி. “அந்தத் துண்டு வேஸ்ட் மூட்டைல கெடந்தது சார். லைன் சூப்பர்வைசர் ராமமூர்த்தி சாரே ‘எடுத்துக்கம்மா’ன்னு குடுத்தாரு. டிபன் பாக்ஸு, ஒளிச்சது, செக்யூரிட்டி, எல்லாம் நானாச் சேத்தது. கதைக்கு நல்லா இருக்கட்டும்னு சேத்தேன். அப்பறந்தான் பயம் வந்துச்சி. ஷூவப் பாத்து இவள எல்லாருக்கும் தெரியும். படிச்சவங்க நெசமாவே திருடினான்னு நெனச்சா? அதான் ஓடியாந்து எடுக்கச் சொன்னேன்.”

மீனாம்பாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். “எவனோ எழுதனத வாட்சப்ல போட்டுட்டாங்க சார். கம்பெனி பூரா சுத்துது. நாளைக்குக் காலைல ஆபீஸுக்கு வரச் சொல்ட்டாங்க. சூப்பர்வைசரு பயந்துக்கினு, ‘நான் குடுத்தனா? ஞாபகம் இல்ல’ன்றாரு. வேல போச்சின்னா எங்க வீட்ல ஒல வைக்க முடியாது சார். அதக்கூட எப்படியாவது சமாளிச்சி வேற வேல பாத்துக்குவேன். திருடின்னு பேர் எடுத்துட்டு எந்தக் கம்பெனி கேட்ல போய் நிப்பேன்?”

எழிலரசி அவர் முகத்தையே பார்த்தாள். கோபமில்லாமல், களைத்துப்போன குரலில் கேட்டாள்:

“ஒண்ணுதான் சார் பிரியல. புக்குல அந்தக் கதையே இல்ல. அது இருந்தது என் நோட்டுல, அப்பறம் இந்தக் கம்ப்யூட்டர்ல. நோட்டு என் டிரங்குப் பெட்டில பூட்டிக் கெடக்குது. அப்போ அத எழுதன உண்மை விரும்பி யாரு சார்?”

அவளுக்குத் தெரிந்துவிட்டது. வரும்போதே தெரிந்துதான் வந்திருக்கிறாள். ஹேக் பண்ணியிருப்பார்கள் என்று சொல்லலாம், வைரஸ் என்று சொல்லலாம். ஊரில் பாதிப் பேர் நம்புவார்கள். ஆனால் பெஞ்சில் அந்தச் சின்னக் கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன. அவர் எழுந்து நின்று, “நான்தாம்மா,” என்றார்.

எழிலரசி குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். “நாளைக்கு எட்டு மணிக்குக் கம்பெனி கேட். முடிஞ்சா வாங்க,” என்று சொல்லிவிட்டு இருவரும் போய்விட்டார்கள்.

அன்று மத்தியானமே ஜெயசீலன் அந்த ஒற்றை நட்சத்திரத்தை அழித்தார். அழித்தால் போதுமா? வாட்ஸாப்பில் போனது போனதுதானே! அதனால் அதே இடத்தில் தன் சொந்தப் பெயரையும் கடை விலாசத்தையும் போட்டு, “இந்தப் புத்தகத்தில் அப்படி ஒரு கதையே இல்லை. பொய்ப் பெயரில் எழுதியவன் நான். யாரும் எதையும் திருடவில்லை,” என்று எழுதினார். பிறகு ஹெலனிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஹெலன் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை எட்டு மணி. கேட்டுக்கு முன்னால் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. வேலையாட்களைக் கவனிக்கும் பர்சனல் ஆபீசர் தமிழ்வேந்தன் மீனாம்பாளை உள்ளே அழைத்துப் போகத் திரும்பும் நேரம் ஜெயசீலன் குறுக்கே போய் நின்றார்.

“நீங்க யாருங்க?”

“அந்த உண்மை விரும்பி நான்தான் சார்.”

சுற்றி நின்ற கூட்டம் அப்படியே திரும்பிப் பார்த்தது. தான் எழுதியதெல்லாம் பொய் என்றும், புத்தகத்தில் அந்தக் கதை இல்லை என்றும் சொல்லி, கையெழுத்துப் போட்ட காகிதத்தை நீட்டினார். தமிழ்வேந்தன் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இந்தப் பொண்ணுக்கும் உங்களுக்கும் இன்னா பக?”

ராத்திரி முழுக்க அவர் தயாரித்து வைத்திருந்த பதில் ‘சொந்தக் காரணங்களால்’ என்பது. வாயில் வந்தது வேறு. “பகையெல்லாம் இல்ல சார். இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. எழிலரசி நல்லா எழுதறாங்க. எனக்கு வரல. பொறாம சார், வேற ஒண்ணுமில்ல.”

யாரோ சிரித்தார்கள். யாரோ “த்தூ” என்றார்கள். ஜெயசீலன் தலையை நிமிர்த்தவில்லை. அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ராமமூர்த்தி நெளிந்துகொண்டே வெளியே வந்தார். “சார், துண்டு நான் குடுத்ததுதான். வேஸ்ட்டுதானேன்னு குடுத்தேன். பேஜாராயிடும்னு பயந்து சொல்லல. வெளியாளு ஒருத்தரே வந்து நின்னு ஒத்துக்கறாரு. நான் சும்மா நிக்கக் கூடாது.”

தமிழ்வேந்தன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “இனிமே எதக் குடுத்தாலும் சீட்டு எழுதிக் குடுங்க,” என்று ராமமூர்த்தியை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, “நீ மெஷினுக்குப் போம்மா,” என்றார். மீனாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

எழிலரசி மட்டும் நின்றாள். ஜெயசீலன் ஒரு கவரை நீட்டினார். “இதுல உனக்கு வந்த கடிதம் நாப்பத்தொண்ணு இருக்குதும்மா. நான்தான் மறைச்சி வெச்சேன். கூடவே உன் கணக்கோட பாஸ்வேர்டும் இருக்குது. இன்னைக்கே மாத்திக்கோ. எனக்குக்கூடச் சொல்லாத.”

அவள் ஒரு கடிதத்தை உருவி நாலு வரி படித்தாள். மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

“புக்கு புடிக்கலன்னா ஒங்க பேரப் போட்டே எழுதியிருக்கலாம் சார். ஒரு நாள் அழுதுட்டு, அடுத்தத இன்னும் நல்லா எழுதியிருப்பேன். சொந்தப் பேரப் போட்டுச் சொல்லத் தைரியம் இல்லாதத, பேர மறைச்சிக்கினும் எழுதக் கூடாது சார். எம்மேல இருந்த ஆத்திரத்துல வீசினீங்க. பட்டது ஒரு பாவமும் அறியாதவ மேல. போன்ல தட்றவங்களுக்கு யார் மேல படுதுன்னு தெரியறதே இல்ல.”

வேலை தொடங்கும் கம்பெனி சங்கு ஊதியது. அவள் போய்விட்டாள்.

அந்த வாரத்துக்குள் ஆறு பேர் வந்து தங்கள் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு போனார்கள். ஜெயசீலன் மீதிப் பேருக்கும் அவரே போன் போட்டுக் கொடுத்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கி, பல்பைப் போட்டு, பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எழிலரசியின் கணக்கு திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் தன் நாவலைத் திறந்து பார்த்தார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அதற்கு ஒரு விமர்சனம் வந்திருந்தது. இரண்டு நட்சத்திரம்.

“எழுதியவர் என் கணவர். பதினெட்டாம் பக்கத்துக்கு மேல் என்னால் போக முடியவில்லை. வார்த்தை ஜாஸ்தி, மனுஷர்கள் கம்மி. ஆனால் பதினேழாம் பக்கத்தில் அவருடைய அப்பா சைக்கிளில் தோல் கட்டு ஏற்றிப் போகிற இடம் வருகிறது. அதைப் படித்து அழுதேன். முழுக்க அப்படி எழுதித் தந்தால் கடைசி வரைக்கும் படிப்பேன். இப்படிக்கு, ஹெலன் ஜெயசீலன், ஆம்பூர்.”

சுருக்கென்றுதான் இருந்தது. இரண்டு முறை படித்தார். பிறகு பதினேழாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, டீ ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் புதிதாக ஒரு வரி எழுத ஆரம்பித்தார்.