காட்டில் சொன்ன பெயர்

குளிர்விரும்பி பூத்திருந்தது. பைன் மரங்களுக்கு அடியில், வெள்ளைப் பாசியின் நடுவே, தலை கவிழ்ந்த இளஞ்சிவப்புப் பூக்கள். குளிர்காலம் முழுவதும் பனிக்குக் கீழே கிடந்தாலும் இதன் இலை பச்சை மாறாது. காய்ச்சிக் கொடுத்தால் நீர்க்கடுப்பு இறங்கும். என் கணவன் பெதோருக்குச் சில நாட்களாகச் சிறுநீர் சிவந்து போய்க்கொண்டிருந்தது.

அவனுடைய அக்கா உலிதாவும் நானும் படகில் வந்து இறங்கினோம்.

"வேரோட பிடுங்காத. கத்தியால சாய்ச்சு வெட்டு. ஒண்ணை எடுத்தா ஒண்ணை விடு."

"சரி அண்ணி."

"என்னைத் தேடுனா கட்டையால மரத்துல தட்டு. பேரு சொல்லிக் கூப்பிடாத. காட்டுக்காரன் காதுல விழுந்தா பேரைப் பிடிச்சு வச்சுக்குவான். அப்புறம் அவன் கூப்பிட ஆரம்பிப்பான்."

"உங்க பேரைக் கேட்டா அவனே ஓடிருவான்."

"இந்த வாய் அடுப்படியிலயும் இருந்தா ரொட்டியாவது வெந்திருக்கும்."

அவளுடைய கேலி அதோடு சரி. இரண்டு விரலால் சிலுவை போடும் பழைய கிறிஸ்தவ வழிபாட்டுக்காரி அவள். முட்டிய மாட்டைக்கூடத் திட்டியதில்லை.

பிரிந்து போனோம். நான் தட்டினேன், அவள் தட்டினாள். வெட்டினேன். மறுபடி தட்டினேன்.

பதில் வரவில்லை.

இன்னும் பலமாகத் தட்டினேன். கொசுக்களின் இரைச்சல் மட்டும்தான்.

"மர்பா!"

என் பெயர். அண்ணியின் குரல்தான், ஆனால் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. அண்ணி காட்டில் பெயர் சொல்லமாட்டாள். காட்டுக்காரன் என்கிற காட்டுப் பேய்தான் தெரிந்த குரலில் கூப்பிடும். போன கோடையில் எங்கள் ஊர் மிகோல் இப்படித்தான் ஒரு குரலின் பின்னால் சதுப்புக்குள் போனான். தொப்பி மட்டும் கிடைத்தது.

படகு இருந்த பக்கம் திரும்பினேன். காலடியில் ஒரு குளிர்விரும்பி சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. அடுத்தது அப்படியே நின்றது. அதற்கடுத்தது வெட்டியிருந்தது. வரிசை குரல் வந்த திசையில் போனது.

கத்தி பிடிப்பது மனிதக் கை. வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

வெட்டு முடிந்த இடத்தில் பாசி கிழிந்து ஒரு கறுத்த குழி தெரிந்தது.

"மர்பா, இங்கடி!"

விளிம்புக்குப் போகவில்லை. காட்டுக்காரனுக்கு வசவு ஆகாது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணின்னா என்னைத் திட்டுங்க."

கத்தியை இறுக்கிப் பிடித்தேன்.

"கெட்ட வார்த்தையில. அவன் வாயில அது வராது."

"என் வாயிலயும் வராதுடி. பாவம்."

அண்ணி இப்படித்தான் சொல்வாள். அவனும் இப்படித்தான் சொல்வான். ஓரடி பின்வாங்கினேன். காலுக்குக் கீழே சுள்ளி முறிந்தது.

"போறியா? நில்லுடி மொட்டைக்கோழி! கழுதைக்குப் பொறந்தவளே! நீ சுடுற ரொட்டியைத் தின்னா என் தம்பிக்கு ரத்தமா போகாம தேனாவா போகும்!"

ஓடிப்போய்க் குப்புறப் படுத்தேன். மான் பிடிக்க யாரோ எப்போதோ வெட்டிவிட்ட குழி. அடியில் அண்ணி. ஒரு பாதம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. தட்டும் கட்டை இரண்டாகக் கிடந்தது. மடியிலிருந்த பூவை மட்டும் கொட்டவிடாமல் பிடித்திருந்தாள்.

சால்வையின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையைக் குழிக்குள் விட்டு அவளை மேலே இழுத்தேன். மேலே வந்ததும் அவள் சிலுவை போட்டாள்.

"திட்டுனதுக்காகவா அண்ணி?"

"அதுக்கு நோன்பு இருந்துக்கலாம். உன் பேரைக் காட்டுக்குக் குடுத்துட்டேனேடி."

அவளை முதுகில் சுமந்துகொண்டு நடந்தேன். மரங்களுக்கு இடையில் ஆறு தெரியத் தொடங்கியிருந்தது.

"மர்பா."

பின்னாலிருந்து. அதே குரல். அண்ணி என் முதுகில் இருந்தாள். என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த அவள் மூச்சு நின்றது. என் காலும் நின்றது.

"மர்பா."

அண்ணியின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

"யாரையோ கூப்பிடுது," என்று காதுக்குள் சொன்னாள். "நீ நட, மொட்டைக்கோழி."

நடந்தேன்.