எழு என்ற குரல்

தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் போட்டிக்காக, நோரீனை அதற்கான இறுக்கமான சூட்டுக்குள் ஏற்றி முடிக்க லைலுக்கு இருபது நிமிடம் பிடித்தது. அவள் கால்களில் மளிகைக்கடை பிளாஸ்டிக் பைகளை மாட்டி, அதன்மேல் அந்த முரட்டுத் துணியை வழுக்கவிட்டு, இடுப்பின் இரண்டு பக்கமும் பிடித்து அவளையே தரையிலிருந்து தூக்கித் தூக்கி இறக்கினான். இருபத்தோரு வருடம் குடும்பம் நடத்திய கணவனுக்கும் அது லேசான வேலை இல்லை. சூட் அவளுக்கு இரண்டு அளவு சின்னது. ஏமாந்து வாங்கியதல்ல, இந்தப் போட்டிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் வாங்குவார்கள். உட்கார விடாமல் முரண்டு பிடிக்கிற துணிதான் எழும்போது கைகொடுக்கும். கனத்த பாரம் தோளில் ஏறி அழுத்தினால்தான் உடம்பு கீழேயே போகும்.

இப்போது தோள்பட்டிகளை இறக்கிவிட்டும் அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஒஹையோவின் அந்தப் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கத்துச் சுவரில் பலகை மாதிரி சாய்ந்து நின்றாள். நூற்றுத் தொண்ணூறு கிலோவில் இரண்டு முறை இறங்கி, இரண்டு முறையும் எழுந்து நின்றுவிட்டாள். இரண்டு முறையும் செல்லாது என்று சிவப்பு விளக்கு. இடுப்பு முழங்காலுக்குக் கீழே போகவில்லை என்றார்கள் நடுவர்கள். மூன்றாவதும் போனால் போட்டியை விட்டே வெளியே. சொன்ன எடையைக் குறைக்கப் போட்டி நடத்தும் சங்கத்தின் விதி இடம் கொடுக்காது. பட்டியைத் தளர்த்தினால் இறங்கலாம், ஆனால் எழ முடியாது. எந்தப் பக்கம் போனாலும் வழி இல்லை.

போன வருடம் இதே எடையை வேறொரு சங்கத்தின் போட்டியில் தூக்கி, சாதனைப் பட்டியலில் பெயர் வாங்கியிருந்தாள். அங்கே நடுவர்களுக்குத் தாராள மனசு. தலையாட்டினாலே வெள்ளை விளக்குப் போடுகிற கூட்டம் என்று அவளுடைய வீடியோவுக்குக் கீழே எழுதினார்கள். மாவட்டத்துக்குப் பனி அள்ளும் லாரி ஓட்டுபவள் அவள். கேலிக்கு அசருகிற ஆள் இல்லை. இருந்தும் அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. மார்ச்சில் டாக்டர்கள் அவளுடைய இடுப்பு மூட்டை மாற்றப் போகிறார்கள். அதற்கப்புறம் ஸ்குவாட் கிடையாது. கண்டிப்பான இந்தச் சங்கத்தில், ஒரே ஒரு முறை, வெள்ளை விளக்கு எரிய வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அவளுடைய எடைப் பிரிவிலேயே போட்டியிடும் டேட்டன் ஊர்க்காரி இவெட் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதே. உன் வீட்டுக்காரர் 'எழு'ன்னு கத்துறப்போ உன் இடுப்பு இன்னும் ஒரு அங்குலம் மேலதான் நிக்குது. நீயும் உடனே எழுந்துடுற."

பாரத்தோடு இறங்குகிறவளுக்குத் தன் இடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. பக்கவாட்டில் நின்று பார்ப்பவர் குரல் கொடுக்க வேண்டும். ஒன்பது வருடமாக வீட்டுக் கராஜிலும் மேடையிலும் நோரீன் அந்த ஒரு குரலுக்குத்தான் எழுந்திருக்கிறாள்.

லைல் தரையில் குத்தவைத்து அவளுடைய முழங்கால் கட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடி சுருட்டினான்.

"கேட்டுச்சா, லைல்?"

"கேட்டுச்சு."

"எத்தனை நாளா இப்படி?"

"டாக்டர் உன் இடுப்பு எக்ஸ்ரே காட்டினாரே, அன்னிலேருந்து."

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது.

"அப்போ போன வருஷத்து நூத்தித்தொண்ணூறும்?"

"அங்க அதுக்கே விளக்குப் போட்டுட்டாங்க. நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே, எப்படிச் சொல்றது?" அவன் நிமிரவில்லை. "நீ கீழ போறப்பல்லாம் அந்த எலும்பு உடையப்போற மாதிரியே இருக்கு, நோரீன். வாய் தானா கத்திடுது."

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கூடவே அழுகையும் முட்டியது. கேலி பேசியவர்கள் சொன்னது உண்மைதான் என்று தெரிந்ததுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. கோபித்துக்கொண்டு வெளியே போகலாம் என்றால் இந்தச் சூட்டைக் கழற்றவும் அவன்தான் வேண்டும்.

"வேணும்னா இவெட்டைக் குரல் குடுக்கச் சொல்லட்டுமா?" என்றான் லைல்.

"யாரும் குடுக்க வேணாம். நீ எப்பவும் நிக்கிற இடத்துல நில்லு. வாயைத் திறந்தேன்னு வை, வீட்டுக்குத் தனியாத்தான் போவே."

அவன் எழுந்து வந்து முழங்கால்களை இறுகக் கட்டினான். பட்டிகளைத் தோளுக்கு மேல் ஏற்றினான்.

மேடையில், இறங்கலாம் என்று நடுவர் கையை இறக்கிக் காட்டினார். பாரம் அழுத்த, துணி தொடையைக் கவ்விப் பிடித்தது. வழக்கமாகக் குரல் வரும் இடம் வந்தது. உடம்பு பழக்கத்தில் எழப் பார்த்தது. அவள் விடவில்லை. இடுப்புக்குள் சுருக்கென்று ஏதோ தைத்தது. இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று சொல்ல யாரும் இல்லை. ஓரக்கண்ணில் லைல் தெரிந்தான். சாக்பொடி அப்பிய இரண்டு கைகளாலும் தன் வாயை இறுகப் பொத்தியிருந்தான். அவள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தாள்.