எத்தனை அடி

அருண்குமார் 'ங்க' போடாமல் பேசி யாரும் கேட்டதில்லை. மோட்டார் பம்புப் பட்டறையில் மண் அள்ளுகிற ஆளிடம்கூட "ஏனுங்க, சாப்புட்டீங்களா?" என்றுதான் கேட்பான். தெருநாயை விரட்டினாலும் "அக்கட்ட போங்க" என்றுதான் விரட்டுவான் என்று காரமடையில் ஒரு கேலி உண்டு. அப்பேர்ப்பட்ட மரியாதைக்காரனுக்குப் பெண்ணைக் கொடுத்ததில் திருமூர்த்திக்கும் வள்ளியாத்தாளுக்கும் பத்து வருஷமாகப் பெருமை பிடிபடவில்லை.

அந்த 'ங்க'வுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது அவர்கள் மகள் வர்ஷினிக்கு மட்டும்தான் தெரியும். நல்ல மனசோடு இருக்கிற நாளில் அவன் அவளை "ஏ புள்ள" என்பான், "வாடி" என்பான். அப்போதெல்லாம் அவள் நிம்மதியாகச் சோறு தின்பாள். "கொஞ்சம் இங்க வாங்க அம்மணி" என்றானென்றால் கதவைச் சாத்தப் போகிறான்.

ஒரு தடவை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். "அவரு என்னை வாங்க போங்கன்னு கூப்புட்டா எனக்குப் பயமா இருக்குதும்மா." வள்ளியாத்தாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கட்டுனவளை வாங்க போங்கன்னு கூப்புடற ஆம்பளை எத்தனை பேருக்கு வாய்க்கும் கண்ணு? உங்கப்பன் என்னை ஒருக்காலாச்சும் அப்படிக் கூப்புட்டிருக்காரா?" அதோடு வர்ஷினி வாயை மூடிக்கொண்டாள். எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான். மரியாதையாகப் பேசுகிறவன் கையை ஓங்க மாட்டான் என்று ஒரு ஊரே நம்பிக் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கல்யாணக் களை. பத்தாவது கல்யாண நாளுக்கு அந்தமான் போவதாக அருண்குமார் முடிவு செய்திருந்தான். மாமனார் மாமியாரையும் கூட்டிப்போகிறான். அவர்கள் கொடுமுடியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். உக்கடத்துப் பக்கம் டிராவல்ஸ் ஆபீஸ் வைத்திருக்கும் கிளாடிஸ், சர்ச்சில் காலைப் பூசையை முடித்த கையோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேராக வந்திருந்தாள். வந்தவளுக்கு எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து டீப்பாய்மேல் வைத்தாள் வர்ஷினி.

"மொத நாள் போர்ட் பிளேர்ங்க, ஜெயிலைப் பாக்கறோம். ரெண்டாம் நாள் கப்பல்ல ஹேவ்லாக். மூணாம் நாள் எலிஃபண்ட் பீச். நாலாம் நாள் நீல் தீவுங்க" என்று கிளாடிஸ் விரலை மடக்கினாள்.

"அங்க கோயிலு இருக்குதுங்களா?" என்றாள் வள்ளியாத்தாள்.

"முருகன் கோயில் இருக்குதுங்கம்மா. அதையும் சேத்துப்போடறேன்."

"மஞ்சக்காடு தண்ணி கட்டாமக் கெடக்குது, நாலு நாள்ல திரும்பிரலாமுங்களா மாப்ள?" என்று திருமூர்த்தி கேட்க, "ஆறு நாள் இருங்க மாமா, ஆளு வெச்சுப் பாத்துக்கலாமுங்க" என்று அருண்குமார் அவர் தோளைத் தொட்டுச் சொன்னான். மாமனாருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மூணாம் நாளு நானும் அம்மணியும் கடலுக்கடியில போறோமுங்க. ஸ்கூபா. போட்டோ, வீடியோ எல்லாம் வேணுமுங்க" என்றான் அடுத்து.

வர்ஷினியின் கை தானாகக் காதுக்குப் போனது. அவளுடைய இடது காதில் ஜவ்வு கிழிந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது.

அதுவும் இந்தப் பயணத்தால் வந்த வினைதான். சாப்பிட வந்த கூட்டாளியிடம் அவன் தீவுக்குப் போகும் கதையை அளந்துகொண்டிருந்தபோது, "ஆனி மாசம் மழைங்களே, கப்பலு ஓடுமுங்களா?" என்று அவள் கேட்டுவிட்டாள். கூட்டாளி சிரித்துவிட்டான். அவனை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்து, "நம்மளை விட உங்களுக்கு நல்லாத் தெரியுமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே அருண்குமார் விட்டான் ஒரு அறை. காதுக்குள் ஏதோ பட்டென்று உடைந்தது. தெரிந்தவர்கள் கண்ணில் படாமலிருக்கப் பொள்ளாச்சிக்குக் கூட்டிப்போய், கதவு இடித்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னான். மூன்று மாசத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது என்றார் டாக்டர். அவரையும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தான்.

"நான் கரையிலயே இருந்துக்கறேனுங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றாள் வர்ஷினி மெதுவாக.

அருண்குமார் சிரித்தபடியே எழுந்தான். "கொஞ்சம் இங்க வாங்க அம்மணி."

சமையலறைக்குள் போனதும் கதவைச் சாத்தினான். வெறும் மிக்ஸியை ஓடவிட்டான். அந்த இரைச்சலுக்குள் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து நெற்றியைப் பிரிட்ஜில் மோதினான். ஒண்ணு என்று எண்ணினாள் வர்ஷினி. எண்ணினால் அழுகை வராது, அது அவள் பழகிக்கொண்ட வித்தை. விலாவில் முட்டியால் ஒரு குத்து, ரெண்டு. அதே இடத்தில் இன்னொன்று, மூணு. குனிந்தவளின் பிடரியில் நாலு.

"கடலுக்குள்ள போறீங்களா?"

"காது இன்னும் ஆறலைங்க..."

"போறீங்களான்னு கேட்டேனுங்க."

"போறேனுங்க."

மிக்ஸியை நிறுத்தினான். வெளியே வள்ளியாத்தாள் கிளாடிஸிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "பாத்தீங்களா கண்ணு, சட்னி அரைக்கறதுக்கும் எங்க மாப்ள ஒத்தாசை."

வர்ஷினி முகத்தைக் கழுவி, முடியை இழுத்து நெற்றியை மறைத்துக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். அவளுடைய இடது பக்கம் கிளாடிஸ். எதிரில் அவன். விலா விண்விண் என்று தெறித்தது. போனால் காது போகும், போகாவிட்டால் இங்கேயே உயிர் போகும் என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் ஓடவில்லை.

"கடலுக்குள்ள போறவங்களுக்கு ஒரு ஃபாரம் இருக்குதுங்க" என்று கிளாடிஸ் கேள்விகளைப் படித்தாள். ஆஸ்துமா இருக்கா, நெஞ்சுவலி இருக்கா, காதுல ஏதாச்சும் தொந்தரவு இருக்கா. எல்லாவற்றுக்கும் அருண்குமாரே "இல்லீங்க, இல்லீங்க" என்று பதில் சொன்னான். கிளாடிஸுக்கு அது பிடிக்கவில்லை போலும். வர்ஷினி பக்கம் திரும்பிக் கேட்டாள். "மேடம், நீங்களே சொல்லுங்க. இதுக்கு முன்னாடி தண்ணிக்குள்ள எத்தனை அடி போயிருக்கீங்க?"

அந்த நேரம் பார்த்து அருண்குமாரின் போன் அடித்தது. கிழிந்த காதுக்குள் பாதிக் கேள்வி போகவேயில்லை. வர்ஷினிக்கு விழுந்ததெல்லாம் 'எத்தனை அடி' மட்டும்தான்.

"இப்பங்களா? நாலுங்க" என்றாள். "காதுல உளுந்தது அன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. அருண்குமார் போனை அமுக்கிவிட்டான். வள்ளியாத்தாள் கையிலிருந்த காபி டம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது.

"காதுல உளுந்துச்சுங்களா? என்னது?" என்று கிளாடிஸ் குனிந்து பார்த்தாள். முடிக்கடியில் நெற்றி புடைத்து நீலம் பாய்ந்திருந்தது. "காது கிழிஞ்சிருந்தாத் தண்ணிக்குள்ள தலை சுத்திருமுங்க மேடம். மேல எது கீழ எதுன்னு தெரியாது. முப்பது அடியில அப்படி ஆச்சுன்னா ஆளு திரும்பாதுங்க."

"அவங்களுக்கு உடம்பு சரியில்லீங்க, உளர்றாங்க" என்று அருண்குமார் சிரித்தான்.

"உளறலைங்க" என்றாள் வர்ஷினி. "காதுல கதவு இடிச்சுதுன்னு டாக்டர்கிட்டச் சொன்னது பொய்ம்மா. இவரு கைதான். பத்து வருஷமா இவரு கைதான்."

"என்னங்க பேசறீங்க?" என்று எழுந்தான் அருண்குமார். அந்த 'ங்க'வோடு கையும் வந்தது. வலது கன்னத்தில் விழுந்த அறையில் அவள் சோபாவிலிருந்து தரையில் சரிந்தாள். அஞ்சு. முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் தள்ளினான், ஆறு. "பெத்தவங்க முன்னாடி மானத்தை வாங்கறீங்களா? வாங்கறீங்களா?" என்று கேட்டுக்கேட்டு வயிற்றில் உதைத்தான். ஏழு, எட்டு. கிளாடிஸ் "இயேசுவே!" என்று அலறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

திருமூர்த்தி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மஞ்சள் மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குகிற ஆள் அவர். "விடுங்க மாப்ள... விட்டுருங்க மாப்ள, சொன்னாக் கேளுங்க" என்று கெஞ்சினார். மகள் வாயில் ரத்தம் வழிகிறது, அவருக்கோ 'ங்க'வை விட மனசு வரவில்லை. பார்க்கச் சகிக்கவில்லை அந்த மரியாதை.

வள்ளியாத்தாளுக்குத்தான் முதலில் காது திறந்தது. மாப்பிள்ளையின் ஒவ்வொரு உதைக்கும் முன்னால் ஒரு 'ங்க' வருவதை அவள் கேட்டாள். பத்து வருஷமாக ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்த 'ங்க' அது. "உடுடா எம் புள்ளைய!" என்று அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தொங்கினாள். அவன் முழங்கையை வீசினான். மாமியார் மூக்குடைந்து டீப்பாயில் போய் விழுந்தாள். சொம்பு உருண்டு வர்ஷினியின் கைப்பக்கம் வந்து நின்றது.

தன்மேல் விழுந்த அடியை வர்ஷினி எண்ணிவிடுவாள். அம்மாவின்மேல் விழுந்ததை எண்ணத் தெரியவில்லை. சொம்பைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு எழுந்தாள். தன்மேல் பாய்ந்த ஆளின் இடது காதைக் குறிவைத்து முழுப் பலத்தோடு வீசினாள்.

"ஒண்ணு" என்றாள், வாய்விட்டு.

அவன் காதைப் பொத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தான். விரலிடுக்கில் ரத்தம் வந்தது. "ஏய்... கொல்றாளே..." என்றான். மரியாதை எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவளுடைய காலை இழுக்க அவன் கையை நீட்டினான். அந்தக் கைமேல் இன்னொன்று போட்டாள். "ரெண்டு." எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவளுக்குப் பயமாக இல்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது அப்பா குறுக்கே வந்தார். "போதும் கண்ணு" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் பிடரியைப் பிடித்து, வாசல்வரை தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போனார். "வெளிய போடா" என்று வெளித் திண்டில் தள்ளிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். பிறகு கதவிலேயே நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சாமி" என்றார். அவள் சொன்னாள் என்பது அம்மாவுக்குத் தெரியும். வள்ளியாத்தாள் மூக்கில் முந்தானையை அமுக்கிக்கொண்டு வந்து மகளின் இடது காதை உள்ளங்கையால் பொத்தினாள்.

வெளியே அவன் கதவைத் தட்டினான். "திறங்க அம்மணி" என்றான்.

"மொதல்ல ஆஸ்பத்திரி, அப்பறம் ஸ்டேஷன். கார் என்னோடது இருக்குதுங்க" என்றாள் கிளாடிஸ். லேப்டாப்பை மூடப்போனவள் நின்றாள். "மேடம், டிக்கெட்டெல்லாம்... கேன்சல் பண்ணிரட்டுங்களா?"

வர்ஷினி திரையைப் பார்த்தாள். நாலு பெயர்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் நீலமாக ஒரு கடல்.

"எதுக்குங்க? மூணு பேரு போறோம். எனக்குக் கடலுக்குள்ள வேண்டாம். அடியில கண்ணாடி வெச்ச படகு இருக்குமாமே, அது போதும். முருகன் கோயிலு இருக்கட்டும்."

"சார் பேரு இருக்குதுங்களே?"

"அவனையா? அடிச்சுப்போடுங்க."

கிளாடிஸ் திடுக்கிட்டு, அவள் கையில் நசுங்கிக் கிடந்த சொம்பைப் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டு, பட்டியலில் முதல் பேரை அடித்தாள்.